கரையோரக் கம்பிகள் – 17: டயலில் தொங்கிய பூட்டு

மண்ணடியிலும் தம்புச் செட்டித் தெருவிலும் அந்தக் காலத்தில் கடை வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். மேசை மேல் கனத்த கறுப்பு டெலிபோன். அதன் டயல் துளை ஒன்றில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பூட்டு. பூட்டை மாட்டிவிட்டால் டயல் முழுதாகச் சுற்றாது, பாதியிலேயே முட்டி நின்றுவிடும். வருகிற அழைப்பை எடுத்துப் பேசலாம். இங்கிருந்து யாருக்கும் போட முடியாது. சாவி முதலாளியின் இடுப்பில் இருக்கும்.

முதலாளி மத்தியானம் சாப்பாட்டுக்குக் கிளம்புவார். கடைப் பையன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அது உட்காரும் இடத்திலுள்ள பொத்தானை விரலால் தட்டுவான். படபடவென்று ஐந்து தட்டு. ஒரு மூச்சு இடைவெளி. இரண்டு தட்டு. மறுபடி இடைவெளி. இப்படியே கடைசி எண் வரை தட்டி முடித்தால் எங்கோ ஒரு வீட்டில் மணி அடிக்கும். பூட்டு பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருக்கும். வெளியூருக்கு எஸ்.டி.டி. போட வேண்டுமானால் பாடு கொஞ்சம் அதிகம். சைபருக்குப் பத்துத் தட்டு. அதையும் தப்பில்லாமல் தட்டுகிற கைகள் இருந்தன.

மாதக் கடைசியில் பில் வரும்போது நடந்த விசாரணைகள் தனிக்கதை. பையன் கண்டுபிடித்தது சின்ன விஷயமில்லை என்பதற்காகத்தான் இதிலிருந்து தொடங்குகிறேன். டயல் எந்த எண்ணையும் அனுப்புவதில்லை. கம்பியில் ஓடும் மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கிறது, அவ்வளவுதான். ஐந்தைச் சுற்றினால் ஐந்து முறை அறுக்கும். விரலால் தட்டினாலும் அதே அறுப்புதான். அந்தப் பக்கம் இருந்த இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொள்ள அதற்கு வழியும் இல்லை. ஏனென்றால் அதற்குள் விதி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதன் உடம்பே விதி.

போன பகுதியில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போன ரயிலோடு நாமும் போனோம். இந்தப் பகுதியில் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கப் போகிறோம். நகரப் போவது விதி. இரும்பிலும் பித்தளையிலும் வார்க்கப்பட்டிருந்த விதி எப்படி எழுத்துக்கு மாறியது, மாறியதும் அதைத் திருத்தும் உரிமை யார் கைக்குப் போனது என்பதுதான் விஷயம். கம்ப்யூட்டர் வலையமைப்புகளில் இது 2008க்குப் பிறகு நடந்தது என்று சொல்வது வழக்கம். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. டெலிபோனில் இது ஒரு முறை முழுசாக நடந்து முடிந்திருந்தது. கம்ப்யூட்டர்காரர்கள் பின்னால் வந்து, அதே பாதையில் ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று நகரங்களிலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் முறைப்படி தொடங்கின. நடத்தியது ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி. அப்போது இணைப்புக் கொடுத்தவை மனிதக் கைகள். நீங்கள் பெயரையோ எண்ணையோ சொல்வீர்கள். ஆபரேட்டர் பலகையில் ஒரு கயிற்றுச் செருகியை எடுத்து மாட்டுவார். விதி அவர் தலைக்குள் இருந்தது. பிடித்தவருக்குச் சீக்கிரம், பிடிக்காதவருக்கு ‘எங்கேஜ்டு’.

இந்தப் பிடித்தவர், பிடிக்காதவர் விவகாரம்தான் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவரைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது என்பார்கள். இறுதிச் சடங்கு நடத்திக் கொடுப்பது அவருடைய தொழில். ஊரில் அதே தொழில் செய்த இன்னொருவருடைய மனைவி டெலிபோன் ஆபரேட்டர். இழவு வீட்டிலிருந்து ஸ்ட்ரோஜரைக் கேட்டு வரும் அழைப்புகளை அந்த அம்மாள் தன் கணவருக்கே திருப்பிவிட்டார் என்பது கதை. கதை எவ்வளவு நிஜமோ, காப்புரிமை நிஜம்: 1891 மார்ச்சில் ஸ்ட்ரோஜருக்குக் கிடைத்தது. ஆபரேட்டர் இல்லாத எக்ஸ்சேஞ்ச். அடுத்த ஆண்டு இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் என்ற சிற்றூரில் அது ஓடத் தொடங்கியது.

ஸ்ட்ரோஜர் இயந்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். செலக்டர் என்று ஒரு கருவி. நடுவே ஒரு தண்டு, அதிலிருந்து நீட்டிய கை, சுற்றிலும் அரைவட்டமாகப் பத்து அடுக்குத் தொடுமுனைகள், ஒவ்வோர் அடுக்கிலும் பத்து. நீங்கள் 5 என்று சுற்றினால் தண்டு ஐந்து படி மேலே ஏறும். பிறகு தானாகவே பக்கவாட்டில் சுழன்று, அந்த அடுக்கில் காலியாக இருக்கும் வழியைத் தேடிப் பிடிக்கும். அந்த வழியின் மறுமுனையில் அடுத்த செலக்டர் காத்திருக்கும். அடுத்த எண் அதை ஏற்றும். கடைசி இரண்டு எண்களுக்கு ஒரே கருவி: ஒன்றுக்கு ஏறும், இன்னொன்றுக்குச் சுழலும். முடிந்தது, மணி அடிக்கும்.

அதாவது எண்தான் வழி. பாரிமுனை, மண்ணடிப் பக்கத்து எண்கள் 52இல் தொடங்கின. பழைய கடைகளின் பித்தளைப் பெயர்ப்பலகைகளில் அந்த ஆறு இலக்கங்களை இன்றும் பார்க்கலாம். அது வெறும் அடையாளம் இல்லை. ஏதோ ஒரு கட்டடத்தில் ஒரு கை ஐந்து படி ஏறி, அடுத்து ஒரு கை இரண்டு படி ஏறுவதற்கான கட்டளை. கடையை மண்ணடியிலிருந்து திருவொற்றியூருக்கு மாற்றினால் எண்ணும் மாறியே தீர வேண்டும். எண்ணைக் கூடவே எடுத்துப் போவதென்றால் எக்ஸ்சேஞ்சின் இரும்பைக் கழற்றி எடுத்துப் போக வேண்டியிருக்கும்.

இதில் இன்னொன்றும் உண்டு. வழியைத் தேடிய அதே உலோகம்தான் பேச்சையும் சுமந்தது. செலக்டரின் கை எங்கே போய் நின்றதோ, பேசி முடிக்கும்வரை அங்கேயே நிற்கும். உங்கள் குரல் அந்தக் கை வழியாகவே ஓடும். முடிவெடுப்பவனும் மூட்டை தூக்குபவனும் ஒரே ஆள். துறைமுகத்து வேலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு விரயம் என்று உடனே புரியும். பத்து வினாடியில் முடிவெடுத்த கருவி, பத்து நிமிடம் சும்மா சுமந்துகொண்டு நின்றது.

ஒரு எக்ஸ்சேஞ்ச் ஹால் என்றால் இப்படிப்பட்ட செலக்டர்கள் ஆயிரக்கணக்கில், வரிசை வரிசையாக, ஆள் உயரத்துக்கு மேல். எண்ணெய் வாசனை, கீழே பேட்டரி அறையிலிருந்து அமில வாசனை. காலை பத்து மணிக்குக் கடைகள் திறக்கும் நேரத்தில் சத்தம் ஓட்டுக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல இருக்கும். அனுபவசாலி மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே எந்த வரிசையில் எது சிக்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கடற்காற்று வீசும் ஊரில் தொடுமுனை கறுத்துப்போவது தினசரிக் கதை. துடைப்பதே பெரிய வேலை. மதராஸ் டெலிபோன் கம்பெனியை 1943இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1948இல் பெங்களூரில் ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொடங்கி, ஸ்ட்ரோஜர் கருவிகள் இங்கேயே தயாராயின. விடுதலை இந்தியாவின் ‘ஹலோ’க்களை நீண்ட காலம் தூக்கிச் சுமந்தவை அந்தத் தண்டுகள்தாம்.

ரயிலிலும் இதே கதைதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய சிக்னல் கேபின்களில் ஆளுயர லீவர்கள் வரிசையாக நிற்கும். ஒரு தடத்துக்கு வழிவிடும் லீவரை இழுத்தால், அதற்கு முரணான தடத்தின் லீவர் அசையவே அசையாது. தளத்துக்குக் கீழே இரும்புப் பட்டைகள் ஒன்றின் வெட்டில் ஒன்று விழுந்து பூட்டிக்கொள்ளும். ‘இரண்டு ரயிலை ஒரே தடத்தில் விடாதே’ என்ற விதி வெட்டி அறுத்த இரும்பாகவே கிடந்தது. அது முதலில் ரிலேக்களுக்கு மாறியது. பிறகு, 1987இல் ஸ்ரீரங்கம் நிலையத்தில் இந்தியாவிலேயே முதலாவதாக மின்னணு இன்டர்லாக்கிங் வந்தது. விதி சில்லுக்குள் எழுத்தாக நுழைந்தது. ரங்கநாதர் ஊருக்கு வந்த இந்தப் பெருமையை உள்ளூர்க்காரர்கள் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

டெலிபோனுக்குத் திரும்புவோம். முடிவெடுப்பதையும் சுமப்பதையும் பிரிக்கலாமே என்ற யோசனை கம்ப்யூட்டருக்கு முன்பே வந்துவிட்டது. கிராஸ்பார் என்ற அடுத்த வகை எக்ஸ்சேஞ்சில் மார்க்கர் என்றொரு பொதுக் கருவி இருந்தது. நீங்கள் சுற்றும் எண்கள் முழுதாகச் சேர்ந்ததும் அவற்றை வாங்கிக்கொள்ளும், காலியான பாதையைப் பார்க்கும், இணைக்கச் சொல்லும், அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடும். சுமக்கும் வேலை கம்பிச் சட்டகத்துக்கு. கெட்டிக்கார ஏற்பாடுதான்.

இந்தியா 1964இல் பெல்ஜியத்து நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு, பென்டகோன்டா என்ற கிராஸ்பார் வகையைத் தேர்ந்தெடுத்தது. நகரங்களில் வைத்தார்கள். திணறியது. காரணம் இயந்திரத்தில் இல்லை, நம்மிடம் இருந்தது. ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு போன். ஒவ்வொன்றும் நாளில் சில முறை பேசும். இங்கே தெருவுக்கு ஒன்றிரண்டு போன். பக்கத்து வீட்டு மாமாவுக்கு துபாயிலிருந்து வரும் அழைப்பு, எதிர்க்கடைக்கு வரும் சரக்கு விவரம், மாடி வீட்டுப் பெண்ணின் வரன் விசாரணை எல்லாம் அதில்தான். ஓர் இணைப்பின் மேல் விழுந்த சுமை, அந்தக் கருவி எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்கு. எண்ணிக்கையைப் பார்த்து வாங்கினார்கள், பழக்கத்தைப் பார்க்கவில்லை. பின்னால் இந்தியச் சூழலுக்கென்று அந்த வடிவமைப்பையே திருத்த வேண்டியதாயிற்று. இரும்பில் செய்த கணக்கு தப்பினால் இரும்பைத்தான் மாற்ற வேண்டும், வேறு வழியில்லை.

1965 மே மாதம் நியூ ஜெர்ஸியில் சுக்காசன்னா என்ற ஊரில் பெல் நிறுவனம் திறந்த எக்ஸ்சேஞ்சில் மார்க்கரின் நாற்காலியில் கம்ப்யூட்டர் உட்கார்ந்தது. எந்த எண்ணுக்கு எந்த வழி என்பது நினைவகத்தில் எழுத்தாக இருந்தது. திருத்த வேண்டுமானால் எழுத்தைத் திருத்தினால் போதும். அதோடு புதுச் சிக்கலும் வந்தது: ஒரே நேரத்தில் எல்லாரும் ரிசீவரை எடுத்தால் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி விழுந்துவிடாதா? அதற்கு வழி கண்டவர் எர்னா ஹூவர் என்ற பெண்மணி. சுமை ஏற ஏற, அவசரமான வேலையை முதலில் கவனித்து, மற்றதைத் தள்ளிப்போடும் ஏற்பாடு. பிரசவம் முடிந்து மருத்துவமனையில் படுத்திருந்தபோது அதன் வரைபடத்தைப் போட்டார். 1971இல் காப்புரிமை கிடைத்தது. நம் டெலிபோன் பில்களில் அவர் பெயருக்கு ஒரு மூலையாவது ஒதுக்கியிருக்கலாம்.

நம் ஊருக்கு இது வந்த விதம் வேறு. 1984 ஆகஸ்டில் அரசின் டெலிபோன் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட் தொடங்கியது. சாம் பிட்ரோடா என்ற பெயரோடு சேர்த்தே எல்லாரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். மீமாம்சி, பிட்கே போன்றவர்களையும் சேர்த்து நினைக்க வேண்டும். 36 கோடி ரூபாய், 36 மாதம் என்று கணக்கு. வெளிநாட்டு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் குளிர்சாதன அறை கேட்டன. சி-டாட் இளைஞர்கள் செய்த 128 முனை கொண்ட கிராமத்து எக்ஸ்சேஞ்ச் ஒரு அலமாரி அளவு. புழுதியிலும் வெயிலிலும் ஏ.சி. இல்லாமல் ஓட வேண்டும் என்றே வடிவமைத்தார்கள். 1986இல் கர்நாடகத்துக் கிட்டூரில் முதலாவது வைக்கப்பட்டது. 1991இல் நாடு முழுவதற்கும் சேர்த்தே சுமார் 50 லட்சம் இணைப்புகள்தான் இருந்தன. அடுத்த பத்து ஆண்டுகளில் நடந்த பெருக்கம் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் நடந்திருக்காது.

செலக்டர் தண்டுகள் பழைய இரும்புக்குப் போயின. ஹால் நிறைந்திருந்த வேலையைச் சில அலமாரிகள் செய்தன. சத்தம் நின்றது. நிலவு நேரத்துக் கடற்கரை போல ஆகிவிட்டது என்று ஓய்வுபெற்ற ஒருவர் என்னிடம் சொன்னார். அதை அவர் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

பூட்டு என்ன ஆயிற்று? அதுவும் எழுத்துக்கு மாறியது. 124 என்று சுற்றி, ரகசிய எண்ணைக் கொடுத்து, இது வரைக்கும்தான் அனுமதி என்று சொல்லிவிட்டால் எக்ஸ்சேஞ்சே எஸ்.டி.டி.யை மறித்துவிடும். இனி பையன் பொத்தானைத் தட்டித் தட்டி விரல் வீங்கினாலும் ஒன்றும் நடக்காது. பூட்டு கடையில் இல்லை, எக்ஸ்சேஞ்சில் இருந்தது; எக்ஸ்சேஞ்சிலும் கையால் தொடக்கூடிய இடத்தில் இல்லை. முதலாளிக்கு நிம்மதி. ஆனால் ரகசிய எண்ணை மறந்துவிட்டால் முதலாளியே டெலிபோன் ஆபீசுக்கு விண்ணப்பத்தோடு போய் நிற்க வேண்டும். பித்தளைப் பூட்டு என்றால் சாவி தொலைந்தாலும் சுத்தியல் இருந்தது.

இனி கம்ப்யூட்டர்காரர்களின் முறை. இங்கே கதை தலைகீழாகத் தொடங்குகிறது. 1969இல் அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையில் தரவுப் பொட்டலங்களைத் திருப்பிவிட்ட கருவி, ஹனிவெல் 516 என்ற சாதாரண கம்ப்யூட்டர். திருப்பிவிடும் விதி அதில் ஓடிய நிரல். ஆக, தொடக்கத்திலேயே மென்பொருள்தான். 1984இல் ஸ்டான்போர்டில் லியனார்ட் போசாக், சான்ட்ரா லெர்னர் தம்பதி தொடங்கிய சிஸ்கோ நிறுவனம் விற்ற ரௌட்டர்களும் அந்த வகைதான். பிறகு போக்குவரத்து பெருகியது. வினாடிக்கு லட்சக்கணக்கில் வரும் பொட்டலங்களைப் பொதுவான சில்லு ஒன்று படித்துப் படித்து அனுப்ப முடியவில்லை. திருப்பிவிடும் வேலைக்கென்றே தனிச் சில்லு வார்த்தார்கள். 1998இல் ஜூனிப்பர் நிறுவனத்தின் எம்40 வந்தபோது விதியின் பெரும்பகுதி மறுபடி சிலிக்கானுக்குள் இறுகியிருந்தது. சில்லு, அதன் மேல் ஓடும் மென்பொருள், கட்டளை மொழி எல்லாம் ஒரே கம்பெனியுடையது, ஒரே பெட்டிக்குள். பெட்டியைத் திறந்து பார்க்க வாங்கியவருக்கும் உரிமையில்லை.

இதன் சங்கடத்தைப் புரிந்துகொள்ள எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு ராத்திரி நின்றால் போதும். எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி வருகின்றன. டோல்கேட்டில் நிற்கிற போலீஸ்காரர் தன் சந்திப்பை மட்டும் பார்க்கிறார். முன்னால் நகர்கிறது, விடுகிறார். காசிமேட்டில் நிற்பவருக்குத் தன் சந்திப்பு. அவர் நிறுத்துகிறார். இரண்டு பேருமே தங்கள் அளவில் சரி. இடையில் மைல் கணக்கில் லாரி நிற்கிறது. ஓட்டுநர் வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துவிட்டார். இன்டர்நெட்டின் ரௌட்டர்கள் அந்தப் போலீஸ்காரர்களைப் போல. பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு, தன் சந்திப்புக்கு எது சரியோ அதைச் செய்யும். ஊர் முழுவதையும் மேலிருந்து பார்க்கிற கண் கிடையாது. இது குறையாக வந்ததும் இல்லை. ஓர் இடம் அழிந்தாலும் மற்றவை தாமாகவே வழி கண்டுகொள்ளட்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள்.

ஆனால் விதியை மாற்ற வேண்டுமென்றால்? ஆயிரம் சந்திப்பிலும் ஆயிரம் போலீஸ்காரரிடம் தனித்தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்கு மொழி வேறு. 2000களில் நெட்வொர்க் வேலை பார்த்தவர்களைக் கேட்டால், இரவு இரண்டு மணிக்குப் பெட்டி பெட்டியாக உள்ளே நுழைந்து அதே வரியை அடித்த கதைகள் நிறையக் கிடைக்கும்.

ஸ்டான்போர்டில் மார்ட்டின் கசாடோ என்ற ஆராய்ச்சி மாணவர், நிக் மெக்கியோன், ஸ்காட் ஷென்கர் என்ற இரு பேராசிரியர்களோடு சேர்ந்து 2007இல் ஈத்தேன் என்ற சோதனையைச் செய்தார். முடிவெடுக்கும் மூளையைப் பெட்டிகளிலிருந்து பிடுங்கி ஓரிடத்தில் வைப்பது. மறு ஆண்டு ஓப்பன்ஃப்ளோ என்ற கட்டுரை வந்தது. எட்டுப் பேர் எழுதியது. அதில் ஒருவர் ஹரி பாலகிருஷ்ணன். அடையாறு பக்கம் நம் ஐ.ஐ.டி.யில் 1993இல் பி.டெக். முடித்தவர், எம்.ஐ.டி. பேராசிரியர். கட்டுரை கேட்டது அடக்கமான ஒரு விஷயம்: ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எப்படியும் ஓர் அட்டவணை இருக்கிறது. ‘இப்படிப்பட்ட பொட்டலம் வந்தால் இந்த வாசல் வழியே அனுப்பு’ என்று வரிவரியாக. அந்த அட்டவணையை வெளியிலிருந்து எழுத ஒரு கதவு திறந்துவிடுங்கள், போதும். பல்கலைக்கழகத்தில் நாங்கள் சோதனை செய்து பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

கதவு திறந்தது. உள்ளே போனவர்கள் மாணவர்கள் மட்டும் இல்லை. கசாடோ குழுவினரின் நிசிரா நிறுவனத்தை 2012இல் விஎம்வேர் 126 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அதே ஆண்டு கூகுள், தன் தரவு மையங்களை இணைக்கும் உலகளாவிய வலையே இந்த முறையில் ஓடுகிறது என்று வெளியே சொன்னது. நீண்டதூரக் கேபிள்களை வழக்கமாக 30, 40 சதவீதம்தான் நிரப்புவார்கள். திடீர் நெரிசலுக்கு இடம் விட்டு வைக்க வேண்டுமே. மேலிருந்து முழு வரைபடத்தையும் பார்க்கிற ஒரு மென்பொருள் இருந்ததால், கூகுள் சராசரியாக 70 சதவீதம் வரை நிரப்பியது. சில இணைப்புகள் ஏறக்குறைய முழுதாகவே நிரம்பி ஓடின. கடலுக்கடியில் போட்ட கேபிள் என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் ருசி புரியும்.

சென்னைக் கரைக்கு அது நன்றாகவே தெரியும். 1981இல் இங்கிருந்து பினாங்குக்குக் கேபிள் போனது. 2002இல் ஐ2ஐ என்ற ஒளியிழைக் கேபிள் சிங்கப்பூரோடு இணைத்தது. 3,200 கிலோமீட்டர், வினாடிக்கு 8.4 டெராபிட் திறன். 2020 ஆகஸ்டில் போர்ட் பிளேருக்கும் அந்தமான் நிக்கோபாரின் வேறு சில தீவுகளுக்கும் சேர்த்து 2,312 கிலோமீட்டர் நீளத்துக்கு இன்னொன்று.

கூகுள் தரவு மையங்களுக்குச் செய்ததை டெலிபோன் கம்பெனிகளும் செய்ய விரும்பின. 2012 அக்டோபரில் 13 நிறுவனங்கள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பிரத்யேகப் பெட்டி வாங்கி அடுக்க இனி முடியாது. சாதாரண சர்வர்களில் மென்பொருளாக ஓட்டுவோம் என்று. செலக்டர் ஹாலை அலமாரி விழுங்கியது என்றால், இப்போது அலமாரியையே நிரல் விழுங்கியது. எக்ஸ்சேஞ்ச் என்பது ஓர் இடம் இல்லை என்றாயிற்று. 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் செல்போன் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம். எண் இப்போது வழி இல்லை. ஓர் அட்டவணையில் தேடிப் பார்க்கவேண்டிய பெயர். 52 என்றால் மண்ணடி என்று காது அறிந்த காலம் அத்தோடு சரி.

சி-டாட் இந்தக் கதையில் இரண்டாம் முறை வருகிறது. பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி வலையின் மையப்பகுதி சி-டாட் எழுதிய மென்பொருள். ரேடியோ கருவிகள் தேஜஸ் நிறுவனத்துடையவை, கட்டிச் சேர்த்தது டி.சி.எஸ். 2025 செப்டம்பரில் 97,500 கோபுரங்களோடு பிரதமர் தொடங்கிவைத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அலமாரியாகச் செய்து கொடுத்தவர்கள், இம்முறை எழுத்தாக.

இரண்டுக்கும் நடுவே, 2020 ஜனவரி 31 அன்று, விருப்ப ஓய்வில் பி.எஸ்.என்.எல்.லிலிருந்து சுமார் 78,000 பேர் ஒரே நாளில் வெளியேறினார்கள். மென்பொருள் மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய். கடன், போட்டி, 4ஜி கிடைக்காத தாமதம் எல்லாம் உண்டு. ஆனால் தொடுமுனை துடைக்க இவ்வளவு பேர் தேவைப்பட்ட காலம் போய்விட்டிருந்தது. புதிய வேலை முளைத்ததும் வட சென்னையில் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறார்கள். அந்த சர்வர்களுக்கும் ஏ.சி.க்கும் எரிய வேண்டிய நிலக்கரி எண்ணூரில் இறங்குகிறது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கிடக்கிறது. ‘மென்’ பொருள் என்று பெயர் வைத்தவர் அந்தப் பக்கம் வந்ததில்லை போலும்.

வன்பொருள் காணாமல் போய்விட்டது என்று யாராவது சொன்னால், 2016 டிசம்பர் 12ஐ நினைத்துக்கொள்கிறேன். வார்தா புயல் சென்னையில் கரை கடந்த நாள். மரம் விட்டு மரம், கம்பம் விட்டுக் கம்பம் கட்டியிருந்த ஒளியிழைக் கேபிள்கள் மரங்களோடு சேர்ந்து விழுந்தன. பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் காசில்லை, கார்டு தேய்க்க இணைப்பில்லை. எவ்வளவு புத்திசாலியான மென்பொருளும் அறுந்த இழையைச் சுற்றித்தான் போகும்; சுற்றிப் போகவும் இன்னொரு இழை அறுபடாமல் இருக்க வேண்டும். அதை ஒட்டவைக்க, மழைக்கோட்டு போட்ட இரண்டு பேர் ஸ்ப்ளைசிங் இயந்திரத்தை வண்டியில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள்.

இன்னொரு இரவு, 2021 அக்டோபர் 4. ஒன்பது மணிக்குச் சற்றுப் பிறகு வாட்ஸ்அப் நின்றது. காசிமேட்டில் மறுநாள் காலை ஏலத்துக்கு வரும் படகுகளின் விவரம் அதில்தான் வந்துகொண்டிருந்தது; ராயபுரத்தில் டியூஷன் குழுவும் அதில்தான். எல்லாரும் செல்போனை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் வருகிறதா என்று கேட்டார்கள். எங்கேயும் இல்லை, உலகத்திலேயே இல்லை என்று தெரிய நேரமாயிற்று.

வாட்ஸ்அப்பை வைத்திருக்கும் ஃபேஸ்புக் பின்னால் விளக்கம் சொன்னது. பராமரிப்பு வேலைக்காகத் தன் முதுகெலும்பு வலையின் கொள்ளளவைச் சரிபார்க்க யாரோ ஒரு கட்டளை கொடுத்தார்கள். அது வலையின் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை மென்பொருளில் ஒரு பிழை, அது விட்டுவிட்டது. ஸ்ட்ரோஜர் காலத்தில் ஒரு செலக்டர் சிக்கினால் ஒருவர் பேச்சு கெடும், மிஞ்சிப்போனால் ஒரு வரிசை. இங்கே ஒரே வரி.

சரிசெய்ய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தூரத்திலிருந்து உள்ளே நுழைய வழியில்லை, ஏனென்றால் நுழைய வேண்டிய வலையே விழுந்து கிடந்தது. தரவு மையங்களுக்கு ஆட்களை நேரில் அனுப்பினார்கள். அந்தக் கட்டடங்கள் வெளியாள் சுலபமாக நுழைந்துவிடக் கூடாது என்றே கட்டப்பட்டவை. உள்ளே போன பிறகும், கையால் யாரும் மாற்றிவிடக் கூடாது என்றே இறுக்கி வைத்திருந்த ரௌட்டர்கள். வந்தவர்கள் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போனார்கள்.

(தொடரும்)